நெல்லுக்கு ஜிங்க்: மண்ணில் இடுவது மகசூலுக்கு, பூத்தபின் தெளிப்பது சோற்றுக்கு

நெல் வயலுக்கு ஜிங்க் சல்பேட் இடுவது புதிய செய்தி அல்ல. நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ என்பது வேளாண் அலுவலர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் அளவு. கொட்டாம்பட்டி, மேலூர் பக்கம் கண்மாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் நெல் நடுகிற உங்களில் பலர் அதைப் போட்டும் வருகிறீர்கள். அப்படி மண்ணில் இட்ட ஜிங்க் பயிரைத் தேற்றும், தூர் கட்ட வைக்கும், மூட்டை எண்ணிக்கையைக் காப்பாற்றும். ஆனால் அதில் மிகக் கொஞ்சமே அரிசிக்குள் போய்ச் சேருகிறது என்பது அதிகம் பேருக்குத் தெரியாது. நம் வீட்டுச் சோற்றில் ஜிங்க் சத்து கூட வேண்டுமென்றால், அதே உப்பை வேறு நேரத்தில், வேறு வழியில் கொடுக்க வேண்டும். கதிர் பூத்து முடிந்தபின் இலைமேல் தெளிப்பதுதான் அந்த வழி.

சோற்றில் ஜிங்க் எதற்கு?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனால், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தோடு ஜிங்க் மாத்திரையும் 14 நாளைக்குக் கொடுப்பார்கள். அந்த மாத்திரையில் இருப்பதும் உரக்கடை ஜிங்க் சல்பேட்டில் இருப்பதும் ஒரே துத்தநாகச் சத்துதான் (மாத்திரை மருந்துத் தரத்தில் தயாரித்தது, உரத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது). உடல் வளர்ச்சி, நோய் எதிர்ப்பு, காயம் ஆறுவது எல்லாவற்றுக்கும் இது வேண்டும். மனிதருக்கு ஜிங்க் பற்றாக்குறை வரும் என்பதையே 1960-களின் தொடக்கத்தில்தான் மருத்துவ உலகம் உணர்ந்தது. பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் ஈரானிலும் பின்னர் எகிப்திலும் பணிபுரிந்தபோது, பெரும்பாலும் ரொட்டியை மட்டுமே தின்று வளர்ந்த இளைஞர்கள் சிறுவர்களைப் போலக் குள்ளமாக இருப்பதைக் கண்டு, காரணத்தைத் தேடிப் போய் ஜிங்கில் வந்து நின்றார்.

நம் நாட்டில் 2016-18 இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 19 சதவீதம் பேருக்கும், 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 32 சதவீதம் பேருக்கும் ஜிங்க் குறைவாக இருந்தது. கறி, முட்டை, பால், பயறு தாராளமாகச் சாப்பிடும் வீட்டில் கவலை குறைவு. மூன்று வேளையும் சோறே பிரதானம் என்ற வீட்டில்தான் அரிசியின் தரம் கணக்கில் வருகிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். தீட்டிய வெள்ளை அரிசியில் ஜிங்க் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இதையே ஆய்வகத்தில் 15 பி.பி.எம். என்பார்கள். ஒருவர் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது 4.5 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி ஆணுக்கு நாளைக்கு 17, பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம் வேண்டும். மீதியைக் குழம்பும் கூட்டும் கொடுக்க வேண்டும்.

மண்ணிலேயே குறை

அகில இந்திய நுண்ணூட்ட ஆய்வுத் திட்டத்தின் கணக்குப்படி, நாடு முழுவதும் சோதித்த மண் மாதிரிகளில் சுமார் 36 சதவீதத்தில் ஜிங்க் பற்றாக்குறை. தமிழ்நாட்டில் அது 60 சதவீதத்தையும் தாண்டுகிறது. மண்ணில் ஜிங்க் அடியோடு இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. வேருக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அதிகமுள்ள நிலம், களர் நிலம், தொழு உரம் காணாத நிலம், வருஷம் முழுவதும் தண்ணீர் நிற்கும் பள்ள வயல், டி.ஏ.பி.யை அளவுக்கு மீறிக் கொட்டிய வயல் ஆகியவற்றில் இது அதிகம். மணிச்சத்து மிஞ்சினால் ஜிங்க் பயிருக்குள் ஏறுவது தடைப்படும்.

நெல்லில் இந்தக் குறையைப் பல இடங்களில் நோய் என்றே நினைத்துவிடுகிறார்கள். வட இந்தியாவின் தராய் பகுதியில் ‘கைரா நோய்’ என்று அழைத்து, காரணம் தெரியாமல் தவித்தார்கள். 1966 இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல். நேனே, இது கிருமியால் வருவதல்ல, ஜிங்க் குறைவால் வருவது என்று காட்டினார். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாக நிற்கும். அடி இலைகளில் துரு நிறப் புள்ளிகள் தோன்றிப் பரவும். இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கத்தில் வெளுத்திருக்கும். இந்த நிலையில் பூஞ்சைக்கொல்லி வாங்கித் தெளித்தால் காசு போகும், பயிர் தேறாது. இன்னொரு கை யூரியா வீசினாலும் அப்படித்தான்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

மண்வள அட்டையில் சோதிக்கும் 12 விவரங்களில் ஜிங்க், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஐந்தும் உண்டு. அட்டை இருந்தால் ஜிங்க் வரியைப் பாருங்கள். 0.6 பி.பி.எம்.-க்குக் கீழே இருந்தால் நாடு முழுவதும் குறை என்றே எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் மண்ணுக்கு 1.2 பி.பி.எம். என்ற எல்லையை வைத்திருக்கிறது. அதற்குக் கீழே இருந்தாலே நெல்லுக்கு ஜிங்க் இடுவது பலன் தரும்.

புதிதாக மண் எடுப்பவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். தகர வாளி, துத்தநாகப் பூச்சுள்ள இரும்புச் சட்டி, உரச் சாக்கு இவற்றில் மண்ணைச் சேர்க்காதீர்கள். பூச்சிலுள்ள ஜிங்க் மண்ணில் ஒட்டி, குறையுள்ள வயலையும் நல்ல வயல் என்று காட்டிவிடும். பிளாஸ்டிக் வாளியும் மூங்கில் குச்சியும் போதும். மண்வெட்டியால் குழி வெட்டினால், மண்வெட்டி பட்ட பக்கத்தைக் குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு, அரை அடி ஆழம் வரை சீராக மண்ணைச் சீவி எடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து, கால் பங்கு முறையில் அரை கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்துங்கள். ஒத்தக்கடையிலுள்ள மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலேயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. அறிக்கையைப் படிப்பதில் சந்தேகம் வந்தால் அங்கே கேட்கலாம்.

மகசூலுக்கு மண்ணில் இடுவது

குறையுள்ள நிலத்தில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து, பரம்படித்துச் சமன் செய்த வயலில் நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவ வேண்டும். தூவியபின் உழுது புதைக்க வேண்டாம். தக்கைப்பூண்டு, கொழிஞ்சி போன்ற பசுந்தாள் உரம் ஏக்கருக்கு 2.5 டன் மடக்கி உழுதவர்களுக்கும், ஊட்டமேற்றிய தொழு உரம் இட்டவர்களுக்கும் பாதி அளவு, அதாவது 5 கிலோ போதும். இந்தப் பாதி, செலவைக் குறைக்கும் நல்ல வழி. தக்கைப்பூண்டு விதைக்குப் போட்ட காசில் ஒரு பகுதி இங்கேயே திரும்பிவிடும்.

ஜிங்க் சல்பேட்டுக்குப் பதில் நெல்லுக்கான நுண்ணூட்டக் கலவையும் இடலாம். வேளாண்மைத் துறைக் கலவை என்றால் ஏக்கருக்கு 5 கிலோ. மணல் சேர்த்து மொத்தம் 20 கிலோ ஆகும்படி கலந்து தூவலாம். பல்கலைக்கழகக் கலவைக்கு ஒரு பங்கு கலவை, பத்துப் பங்கு தொழு உரம் என்று சேர்த்து, பிடித்தால் உருண்டையாகும் ஈரத்தில் 30 நாள் நிழலில் மூடி வைத்து இடச் சொல்கிறார்கள். கலவையும் போட்டு, தனியாக ஜிங்கும் முழு அளவு போடுவது வீண்.

ஜிங்க் சல்பேட்டை டி.ஏ.பி.யோடு ஒரே கூடையில் கலந்து வீசாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கரையாத பொருளாக மாறும். இரண்டு காசும் மண்ணோடு போகும். சில நாள் இடைவெளி விடுங்கள். ஒரு தடவை முழு அளவு இட்ட ஜிங்கின் எச்சம் அடுத்த இரண்டு மூன்று போகத்துக்கும் உதவும் என்பதால், போகம் தவறாமல் இட வேண்டிய அவசியமும் இல்லை.

நட்டபின் குறை தெரிந்தால், தேங்கிய நீரை ஒருமுறை வடித்துவிட்டு, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கரைத்து, அறிகுறி மறையும் வரை 15 நாளைக்கு ஒருமுறை தெளிக்க வேண்டும்.

சோற்றுக்குத் தெளிப்பது

துருக்கியின் நடு அனடோலியா கோதுமை நிலங்களில் ஜிங்க் குறை கடுமையாக இருந்தது. 1990-களில் இஸ்மாயில் சக்மக் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் அங்கே உரத்தின் மூலம் மகசூலையும் தானியத்திலுள்ள ஜிங்கையும் சேர்த்து உயர்த்தினார்கள். 2008 இல் அவர் தலைமையில் தொடங்கிய ‘ஹார்வெஸ்ட்ஜிங்க்’ திட்டம் இந்தியா உட்படப் பல நாடுகளில் வயல் சோதனை நடத்தியது. கோதுமையில் இலைத் தெளிப்பு மட்டுமே தானிய ஜிங்கை 80 சதவீதத்துக்கும் மேல் கூட்டியது. நெல்லுக்கான சோதனை சீனா, இந்தியா, லாவோஸ், தாய்லாந்து, துருக்கி ஆகிய ஐந்து நாடுகளில் நடந்தது. 2012 இல் முடிவு வெளியானது. தவிடு நீக்காத அரிசியில், மண்ணில் மட்டும் இட்டபோது ஜிங்க் கூடியது 2.4 சதவீதம். இலையில் தெளித்தபோது 25 சதவீதம். இரண்டும் செய்தபோது 32 சதவீதம்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. மண்ணில் இட்ட ஜிங்க் வேர், தண்டு, இலை என்று தங்கித் தங்கித்தான் மேலே வரும்; அதற்குள் மண்ணும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் பயிர் தன்னிடம் உள்ளதையெல்லாம் மணிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இலைமேல் படும் ஜிங்கும் அந்த ஓட்டத்தில் சேர்ந்து மணிக்குள் போய்விடுகிறது. இதனால்தான் தூர் கட்டும் பருவத்தில் தெளிப்பது பயிருக்கு நல்லதென்றாலும் அரிசிக்கு அவ்வளவாக உதவாது.

எப்போது தெளிப்பது? பூத்து முடிந்து ஒரு வாரத்தில் ஒருமுறை, அதற்கு அடுத்த வாரம் ஒருமுறை. அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு முன்னும் இரண்டு வாரத்துக்கு முன்னும் வரும். ஆள் வசதி உள்ளவர்கள் தொண்டைக்கதிர் பருவத்தில் இன்னொரு தெளிப்பைச் சேர்க்கலாம். ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் பூத்தபின் வருவதைச் செய்யுங்கள்.

அளவு முன் சொன்னதுதான்: 10 லிட்டருக்கு 50 கிராம், 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் என்றால் 80 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், ஜிங்க் சல்பேட் ஒரு கிலோ ஆகும். வெறும் ஜிங்க் சல்பேட் கரைசல் இலையைச் சுட்டுவிடும். அதனால் துணைக்கு யூரியா 10 லிட்டருக்கு 100 கிராம் சேர்க்க வேண்டும். குலைநோய் பயத்தால் அந்த நேரத்தில் யூரியா வேண்டாம் என்று நினைப்பவர்கள், ஒரு கிலோ ஜிங்க் சல்பேட்டுக்கு அரை கிலோ நீர்த்த சுண்ணாம்பை முந்தின இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டிச் சேர்க்கலாம். கடையில் 33 சதவீத ஜிங்க் சல்பேட் கொடுத்தால் அது 21 சதவீதத்தைவிட வலுவானது. 50 கிராமுக்குப் பதில் 30 கிராம் போதும். சாக்கில் அச்சடித்த சதவீதத்தைப் படித்தபின் நிறுங்கள்.

நெல் பூ காலை வெயில் ஏறும்போது விரிந்து நண்பகலுக்குள் மூடும். ஆகவே பின்தங்கிய கதிர்கள் இன்னும் பூத்துக்கொண்டிருந்தால் காலையில் தெளிக்க வேண்டாம், மாலை 4 மணிக்கு மேல் தெளியுங்கள். நம் பக்கத்துச் சம்பா பூக்கும் காலம் வடகிழக்குப் பருவமழையோடு மோதும். தெளித்தபின் அரை நாளாவது மழை இல்லாதிருக்க வேண்டும். லிட்டருக்கு அரை மில்லி ஒட்டும் திரவம் சேர்ப்பது நல்லது.

கதிர் பருவத்தில் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் அதே டேங்கில் ஜிங்க் சேர்த்தால் கரைசல் திரிந்து நாசில் அடைத்துக்கொள்ளும். நாலைந்து நாள் இடைவெளியில் தனித்தனியாகத் தெளியுங்கள். பூச்சிமருந்தோடு கலப்பதற்கு முன் ஒரு சிறிய பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். திரிந்தாலோ அடியில் படிந்தாலோ கலக்கக் கூடாது. ஆழ்குழாய் உப்புத் தண்ணீரிலும் இப்படிப் படிவு வரலாம். கண்மாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

எல்லா வயலுக்கும் வேண்டுமா?

நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பார்கள், பதர் பார்ப்பார்கள். ஜிங்க் எவ்வளவு என்று யாரும் பார்க்கப் போவதில்லை. அதற்காகக் கூடுதல் விலையும் இல்லை. பூத்தபின் தெளிக்கும் ஜிங்கால் மகசூல் பெரிதாகக் கூடிவிடாது. மருந்து விலையைவிடத் தெளிப்பு ஆள் கூலிதான் இதில் பெரிய செலவு. ஆகவே விற்பனைக்குப் போகும் முழு நிலத்துக்கும் இதைச் செய்யச் சொல்வது நியாயமாகாது. அந்த நிலத்துக்கு மண் பரிசோதனைப்படி அடியில் இடும் ஜிங்க் போதும்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கும் வயல் வேறு. 300 கிராம் அரிசிக் கணக்கில் கால் பங்கு கூடினால் நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். பெரியவருக்கு இது சிறு தொகை. தேவை குறைவாக உள்ள சின்னப் பிள்ளைக்கு இதன் பங்கு பெரிது, அதுவும் தினம் தினம் கிடைப்பது. விதைநெல் எடுக்கும் பாத்திக்கும் தெளிக்கலாம். ஜிங்க் நிறைந்த விதை, குறையுள்ள மண்ணில் நாற்றாக எழும்போது வீரியமாக வரும்.

தெளிப்பு வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ரகத்தில் வழி இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.ஆர்.ஆர். தான் 45 ரகத்தில் தீட்டிய அரிசியிலேயே 22.6 பி.பி.எம். ஜிங்க் உண்டு. உங்கள் தண்ணீருக்கும் பட்டத்துக்கும் அது ஒத்துவருமா என்று விசாரித்து, முதலில் சிறிய இடத்தில் நட்டுப் பாருங்கள்.

இரும்புச் சத்துக்கு இந்த வழி உதவாது

ஜிங்க் போல இரும்பையும் தெளித்து அரிசியில் ஏற்றலாமே என்று தோன்றும். நெல்லில் அது அவ்வளவாக நடப்பதில்லை. இரும்பு இலையிலிருந்து மணிக்கு எளிதில் நகராது; நகர்ந்து சேர்வதும் பெரும்பாலும் தவிட்டோடு இருந்து, ஆலையில் போய்விடும். அன்னபேதி உப்பை இலை வெளுத்த பயிருக்கு மருந்தாகவே பாருங்கள். சுண்ணாம்பு நிலத்துச் சோளத்தில் இளம் இலை நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகி வெளுத்தால், 10 லிட்டருக்கு 100 கிராம் அன்னபேதியும் 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்துத் தெளிக்கலாம். சாப்பாட்டில் இரும்பு கூட வேண்டுமென்றால் பயிரையே மாற்றுவது மேல். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மானாவாரி மேட்டில் ஒரு துண்டு கம்பு விதைத்தால் அதற்கு உதவும். சாதாரணக் கம்பிலேயே அரிசியைவிடப் பல மடங்கு இரும்பு உண்டு. ‘தனசக்தி’ ரகத்தில் கிலோவுக்கு 71 மில்லிகிராம் இரும்பும் 40 மில்லிகிராம் ஜிங்கும் இருக்கிறது. கம்புக்கும் சோளத்துக்கும் ஏக்கருக்கு 5 கிலோ நுண்ணூட்டக் கலவையை மணலில் கலந்து இடுவதே வழக்கமான பரிந்துரை. மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குப் போவதால் அதில் மகசூலுக்கான ஜிங்க் மட்டும் பார்த்தால் போதும்.

ஃபின்லாந்து நாடு 1980-களின் நடுவிலிருந்து செலினியம் என்ற நுண்சத்தை உரத்திலேயே கலந்து தன் மக்களின் உணவில் ஏற்றியது. அதைக் கேள்விப்பட்டு இங்கே செலினியம் என்று எதையாவது விற்றால் வாங்காதீர்கள். அங்கே அரசு ஆண்டுதோறும் அளந்து பார்த்துச் செய்தது. அளவு மீறினால் அது விஷம். பஞ்சாபில் சில ஊர்களில் மண்ணிலேயே செலினியம் மிகுந்து மாடுகளுக்குக் குளம்பு கழன்றிருக்கிறது.

போலியைக் கண்டுபிடிக்க

ஜிங்க் சல்பேட்டில் அடிக்கடி கலப்பது மக்னீசியம் சல்பேட். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளைப் படிகம், விலைதான் மலைக்கும் மடுவுக்கும். கொஞ்சம் டி.ஏ.பி.யைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அதில் நீங்கள் வாங்கிய ஜிங்க் கரைசலை ஊற்றுங்கள். ஜிங்க் என்றால் தயிர் போலத் திரியும். மக்னீசியம் என்றால் அப்படித் திரியாது. சந்தேகம் வந்தால் மூட்டையையும் ரசீதையும் வைத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லுங்கள். மாதிரி எடுத்து உரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ரசீது இல்லாமல் வாங்கினால் புகாருக்கு வழியில்லை.

தெளித்த வயலின் நெல்லைத் தனியாக அறுத்து, தனிச் சாக்கில் கட்டி அடையாளம் வையுங்கள். ஆலைக்குக் கொண்டுபோகும்போது அதிகம் தீட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பளபளப்புக்காக ஒரு தடவை கூடுதலாகத் தீட்டினால், தெளித்து ஏற்றியதில் ஒரு பங்கு தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடும்.